வௌவால் எரு

புரட்டாசி 6, செவ்வாய்

விடாத தூறல். தேனி, ஆஸ்பத்திரி மாடிப்படி. எனக்கு எழுத்து தெரியாது. போனில் மைக்கை அழுத்திப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று மருமகள் ஆயிஷா எப்போதோ காட்டினாள். என்ன எழுதுகிறதோ. வாசிக்கவும் வராது. நல்லதுதான்.

வாங்க வேண்டியது: பிளாஸ்க், சீப்பு, போர்வை ஒன்று. இளநீர் கூடாதாம்.

மகன் ஜாபருக்கு முகம் கறுத்துவிட்டது. நாக்கில் புண். எழுந்தால் தலை சுற்றி விழுகிறான். ஐந்து மாதம் டிபி மாத்திரை. உடம்பு இளைத்ததுதான் மிச்சம். இன்று டாக்டரம்மா சொன்னார், டிபி இல்லை, பூஞ்சணம் என்று.

பூஞ்சணம் எனக்குத் தெரியாததா. திராட்சை இலையில் வந்தால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்போம். நெஞ்சுக்குள் எதை அடிக்க.

புரட்டாசி 7, புதன்

வெயில். பிளாஸ்க் வாங்கியாச்சு. மூடி சரியில்லை.

டாக்டரம்மா இரண்டு படம் காட்டினார். இரண்டும் ஒரே பூஞ்சணமாம். மண்ணில், வௌவால் எச்சத்தில் கிடக்கும்போது பஞ்சு மாதிரி நூல் நூலாக. தூசியோடு மூச்சில் போய்விட்டால் உடம்புச் சூட்டில் உருவமே மாறிவிடும். நூல் போய் மணி மணியாக. அதைத் தின்ன வரும் வெள்ளை அணுவுக்குள்ளேயே குடியிருந்து பெருகும். ஆளுக்கு ஆள் ஒட்டாது.

ஒட்டாது. ஐந்து மாதமாக அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். இரண்டு வயது மகளை அவன் தொடவில்லை. கதவோரம் நின்று பார்ப்பான்.

"வௌவால் அடையுற பக்கம் போனாரா ஐயா?"

சித்திரையில் நெஞ்சு டாக்டரும் இதையேதான் கேட்டார். அன்று சொன்னதையே இன்றும் சொன்னேன். இல்லை.

புரட்டாசி 9, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போகவில்லை.

மாசி மாதம், சனிக்கிழமை. தேவாரம் ஊருக்கு மேற்கே, காட்டு எல்லைக்குள் பாறைக் குகை. திராட்சைப் பந்தலுக்கு வௌவால் எரு. ஆறு மூட்டை. ஜாபருக்கு ஊதாச் சட்டை. தண்ணீர் தெளித்து அள்ளலாமா என்று கேட்டான். நனைந்தால் சலிக்க வராது, சுமையும் கூடும் என்றேன். உள்ளேயே காயக் காயச் சலித்தான். குகை முழுக்கப் புழுதி. நான் வெளியே, பாரஸ்டர் வருகிறாரா என்று காவல்.

டாக்டரிடம் இல்லை என்றதும் அந்தப் பயத்தில்தான். கேஸ் போடுவார்கள் என்று.

இன்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. முதலிலேயே தெரிந்திருந்தால் அப்போதே இந்தச் சோதனையைச் செய்திருப்பார்கள் என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

புரட்டாசி 10, சனி

மேகம். கறுப்பு உறை மூடிய பாட்டிலிலிருந்து மருந்து ஏறும்போதெல்லாம் அவனைக் குளிர் தூக்கிப் போடுகிறது. போர்வை பத்தவில்லை.

ஆயிஷா தண்ணீர் பிடிக்கப் போனபோது ஜாபரிடம் கேட்டேன், நீயாவது டாக்டரிடம் சொல்லியிருக்கலாமே என்று.

"நீங்கதான் இல்லேன்னுட்டீகளே அத்தா. அதுக்கு மேல நான் எப்புடிச் சொல்ல?"

என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கூடாது என்று வளர்த்தேன். நாலு பேர் முன்னால் ஒருமுறை எதிர்த்தான் என்று அறைந்திருக்கிறேன். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அறைந்த கை இது.

புரட்டாசி 12, திங்கள்

மழை. சிறுநீரகம் தாங்கவில்லையாம். மருந்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இனி என்ன என்று கேட்டதற்கு டாக்டரம்மா பார்ப்போம் என்றார்.

பேத்தியைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஆயிஷா கட்டிலருகே கொண்டுபோனாள். மகளைத் தூக்கக் கையை நீட்டியவன் நிறுத்திவிட்டான். என் முகத்தைப் பார்த்தான், தூக்கலாமா என்று.