சவுக்குத் தோப்பு மண்

18-7-61, செவ்வாய்
ஆடிக்காற்று. கண்ணெல்லாம் புழுதி. பாரஸ்ட் ஆபீஸ் சைக்கிள் பஞ்சர்.

நாற்றங்காலில் சவுக்குக் கன்று முழுக்க மஞ்சள். குளத்து வண்டலைச் சலித்து, களை வராதென்று தகரத்தில் போட்டு வறுத்துப் பாத்தி கட்டினோம். களை வரவில்லை. கன்றும் தேறவில்லை. நாலைந்து பிடுங்கிப் பார்த்தேன். வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. அந்த முடிச்சுக்குள் இருக்கிற நுண்ணுயிர்தான் காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்து மரத்துக்குக் கொடுக்கும். மரம் அதற்குச் சர்க்கரை கொடுக்கும். மண்ணில் இருந்ததெல்லாம் வறுபட்டுப் போச்சு.

ஐப்பசி மழைக்கு முன் சிறுமலை அடிவாரச் சரிவில் நட்டாக வேண்டும். விட்டால் இருக்கிற மண்ணும் மழையோடு போகும். சவுக்கு நின்று, உதிர்ந்தது மக்கினால்தான் பின்னால் வேறு மரம் வரும்.

பழைய சவுக்குத் தோப்பு மண்ணில் அந்த நுண்ணுயிர் இருக்கும். ஒரு வண்டி போதும்.

20-7, வியாழன்
சின்னாளபட்டி ரோடு. அன்னக்கொடி அம்மாளின் சவுக்குத் தோப்பு. மண் கேட்டேன்.

"என் காலடி மண்ண எடுத்துட்டுப் போயி செய்வினை வைக்கவா? போப்பா."

நுண்ணுயிர் பற்றி விளக்கினேன். "கண்ணுக்குத் தெரியாததுன்னு நீயே சொல்ற. அதத்தான் நானும் சொல்றேன்."

கடைசியில் இறங்கி வந்தாள். "உன் வீட்டு வாசல் மண்ணு ஒரு கைப்பிடி கொண்டா. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, உன் மண்ணும் எங்கிட்ட இருக்கும்ல."

வீட்டில் கமலம் பிள்ளைத்தாச்சி. அவளிடம் சொல்லவில்லை.

21-7, வெள்ளி
ஆபீஸ் வாசலில் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பிறகு எதற்கு ஆபீஸ் மண்?

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். வெஞ்சனம் கத்திரிக்காய், உப்பு தூக்கல்.

கமலம்: "அந்தம்மாவ ஏமாத்தாதீங்க. இன்னைக்கு வெள்ளிக்கெழம, வீட்ட விட்டு எதுவும் வெளிய போகக்கூடாது. நாளைக்கு அள்ளித் தாரேன்."

22-7, சனி
அவளே அள்ளிக் கொடுத்தாள், கோலத்துக்குப் பக்கத்திலிருந்து. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மதியம் தோப்பு மண் ஒரு வண்டி வந்தது. பாத்திகளில் கலந்தாயிற்று. வறுக்காமல்.

2-9, சனி
தூறல். கன்றெல்லாம் பச்சை. வேரில் கடுகு கடுகாக முடிச்சு. சும்மா சொல்லக் கூடாது, சந்தோஷம்.

3-9, ஞாயிறு
தகவல் சொல்லத் தோப்புக்குப் போனேன். எங்கள் மண் எங்கே என்று கேட்டேன்.

"அதையா? நீ போன கையோட வரப்புல கொட்டிட்டேன் தம்பி. குடுக்குறியான்னுதான் பாத்தேன்."

வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னேன். கமலம் சிரிக்கவில்லை. வயிற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

"இம்புட்டு நாளும் பயந்துக்கிட்டா இருந்த?"

"பின்னே?"