வலது கை, இடது கை

பிப்ரவரி 10, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ஜன்னல் விளிம்பில் துறைமுகத்து நிலக்கரித் தூசி. வியாழக்கிழமை புதுப் போலீசாருக்குக் கைரேகை வகுப்பு. குறிப்பு எழுத உட்கார்ந்தேன். ரேகைகளை 1024 அறைகளாகப் பிரித்த கணக்கு வங்காளத்து சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் போட்டது. முறைக்குப் பெயர் மட்டும் அவருடைய வெள்ளைக்கார மேலதிகாரியுடையது. சொன்னால் சிரிப்பார்கள். ஆச்சரியப்பட மாட்டார்கள்.

பதினொன்றுக்கு சவக்கிடங்கு. மணப்பாடு கரையில் ஒதுங்கிய உடல், ஒரு வாரம் கடலில் கிடந்தது. முகம் இல்லை. விரல் தோல் உறைபோலக் கழன்றது. என் கையுறைமேல் மாட்டி, உருட்டிப் பதித்தேன். பத்தும் தெளிவு. மதியம் தயிர்சாதம்.

பிப். 11, செவ்வாய்

கம்ப்யூட்டரில் இந்த ரேகைக்கு ஆள் இல்லை. காணாமல் போனவர் ஒருவர் உண்டு: அந்தோணி, 43, சங்கு குளிப்பவர். தாயும் மனைவி ரோஸ்லினும் வந்தார்கள். தாய் "என் மவன்தான்" என்கிறாள்.

"ஏளா, எத்தன நாளைக்கிப் போட்டு வைக்கது? கல்லறையில கொண்டு வைப்போம்."

"யாரையோ கொண்டு வச்சிட்டு, நாளைக்கு அவரு வந்து நின்னா என்ன மாமி சொல்லுவீங்க?"

டிஎன்ஏ வர மாதங்கள். வெள்ளிக்குள் தெரியாவிட்டால் அனாதைப் பிணம் என்று மாநகராட்சி புதைத்துவிடும். போகும்போது தாய் மட்டும் திரும்பி வந்தாள். மகன் சின்ன வயதில் ஒரு அடிதடியில் பிடிபட்டவனாம். மருமகளுக்குத் தெரியாதாம்.

அப்படியானால் கம்ப்யூட்டருக்கு முந்திய ரேகைத் தாள் இருக்கும்.

பிப். 12, புதன்

பழைய இரும்பு அலமாரி. பெயர்ப் பதிவேடு வெள்ளத்தில் போனது. ரேகைக் கணக்கை வைத்துத்தான் தேட வேண்டும். சுழல் ரேகை இரண்டே விரலில்: வலது பெருவிரல், வலது மோதிரவிரல். கணக்குப்படி அறை 9/17. அந்த அறையில் பதினான்கு தாள். எதுவும் பொருந்தவில்லை.

ஏட்டு சுடலை: "பேர மாத்திச் சொல்லியிருப்பான் மேடம்."

"ரேகை மாத்திச் சொல்லாது அண்ணாச்சி."

தூசியில் தும்மல். மாத்திரை வாங்க வேண்டும்.

பிப். 13, வியாழன்

வகுப்பு. பதித்துக் காட்டச் சொன்னேன். ஒரு பெண், எதிரே உட்கார்ந்தவர் கையைத் தன் பக்கத்திலிருந்து பார்த்து, வலது கட்டத்தில் இடது கையைப் பதித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை மாறினால் விரலின் மதிப்பும் மாறும். 9/17 போய் 5/2.

5/2 அறை. மூன்றாவது தாள். அந்தோணி.

லூப், அதாவது வளைவு ரேகை, எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. கை மாறிப் பதிந்தது நேற்றுச் சேர்ந்தவருக்கே தெரிய வேண்டும். மூலையில் வகைப்படுத்தியவர் கையெழுத்து. என்னுடையது. வேலையில் சேர்ந்த வருஷம்.

சுடலை எட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல கெடச்சதுன்னு எழுதிருங்க. யாரு பாக்கப்போறா?"

நடந்ததை நடந்தபடி எழுதினேன், என் பெயரோடு. பிறகு இன்னொரு நிபுணரிடம் தனியாக ஒப்பிடக் கொடுத்தேன்.

பிப். 14, வெள்ளி

ரோஸ்லினிடம் நானே சொன்னேன், தாளில் கை மாறியிருந்ததையும், உடல் அந்தோணிதான் என்பதையும்.

"இப்பவும் மாறியிருக்கும்" என்றாள்.

"ஒரு தடவ மாறிச்சு. அது என் தப்பு. இந்தத் தடவ ரெண்டு பேர் தனித்தனியா பார்த்தோம்."

"அவரு ரேக இங்கன எப்படி வந்துச்சு?"

சங்கு ஏலத்தில் சண்டை, கல்யாணத்துக்கு முன்னால் என்றேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. வரட்டும், கேக்கேன்." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

உடலைப் பெற்றுக்கொள்ளும் தாள். சுடலை மைப்பெட்டியை நகர்த்தினார்.

"எழுதத் தெரியும்."

அ. ரோஸ்லின் என்று எழுதினாள். அந்த முதல் எழுத்துக்குத்தான் வெகுநேரம் ஆனது.