குளவி மண் கொண்டுவந்த நேரம்

என் அருமை மதினி,

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது ஒரே வரிதான்: "மதினி போன் என்கிட்ட இருக்கு."

உங்களைத் துணியில் பொதிந்து கிடத்தியிருந்த வீட்டுக்கே வந்து, பட்டாசுக் கம்பெனி போர்மேன் எல்லோர் காதிலும் விழும்படிச் சொன்னான்: "மருந்து ரூமுக்குள்ள போனக் கொண்டாந்திருக்கா. ஈயையும் எறும்பையும் படம் புடிக்கிறவதான? பொறி அதுலருந்துதான்." உங்களோடு இறந்த இரண்டு பெண்களின் வீட்டாரும் நின்றார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். போன் என் துப்பட்டாவுக்குள், என் கையில் இருந்தது. அண்ணன் லோடு ஏற்றுவதும் அதே கம்பெனியில்தான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அச்சகத்தில் அச்சுப் புள்ளிகளைப் பெரிதாக்கிப் பார்க்கிற பழைய லென்ஸை உங்களுக்குக் கொடுத்தது நான்தானே. அதை டேப்பால் போனில் ஒட்டி, ஞாயிறு முழுக்கத் தரையில் குப்புறக் கிடப்பீர்கள். தட்டு விளிம்பில் ஈ கை தேய்க்கும். ஒரு சீனிக்கு இரண்டு எறும்பு மல்லுக்கட்டும். "ஏ தாயி, இந்த ஈக் கண்ணப் பாரேன், எல்லாப் பக்கமும் பாக்குது. அசல் நாத்தனா கண்ணு!" என்று சிரிப்பீர்கள்.

ஒரு படத்தில் உங்கள் கட்டைவிரல். எத்தனை தேய்த்தும் போகாத அலுமினியத் தூள் ரேகைக்குள் மின்னுகிறது. ஓரத்தில் ஓர் எறும்பு. "மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிருச்சு தாயி. அதுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றீர்கள். எனக்குத் தெரியாதா? நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் சீசனுக்காக ஏழு பேர், கையை நீட்டினால் அடுத்தவள் மடி என்று நீங்கள் சொன்னபோது, நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினேனா?

அன்று காலை நம் வாசல் நிலையில் குளவி கூடு கட்டிக்கொண்டிருந்தது. குளவி கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று அதை யாரையும் தொட விடமாட்டீர்கள். "ஒனக்கு லீவுதான? மண்ணு உருண்டையோட வரும்போது எடுத்துரு. கை ஆடுச்சு, கொன்னுருவேன்" என்று போனை என்னிடம் திணித்துவிட்டுக் கம்பெனி வேனில் ஏறினீர்கள்.

பதினொன்று பத்துக்குக் குளவி வந்தது. நான் அழுத்திய நொடியில் கம்பெனிப் பக்கம் வெடித்தது. ஜன்னல் அதிர்ந்தது. படம் கலங்கிவிட்டது. கை ஆடிவிட்டது மதினி.

அந்தக் கலங்கிய படத்தில் நேரம் பதிவாகியிருக்கிறது. உங்களிடம் வேறு போன் கிடையாது. போன் வீட்டில்தான் இருந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனாலும் ஒரு மாதம் பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். இத்தனை படித்து என்ன கிழித்தேன்?

கம்பெனியைத் திறந்துவிட்டார்கள். காலையில் கேட்டில் புதுப் பெண்களை நிறுத்தி வைத்து, போர்மேன் உங்கள் பெயரைச் சொல்லியே மிரட்டுகிறானாம்: "அவள மாதிரி மூணு உசுர வாங்கிராதீக." இடிந்ததற்குப் பக்கத்து அறையில் இப்போதும் ஏழு பேர்தான். உங்களோடு செத்துப்போன பெண்களில் ஒருத்தியின் அம்மா குழாயடியில் என்னைக் கண்டால் பாதிக் குடத்தோடு போய்விடுகிறார்.

பொறுக்க முடியாமல் அண்ணனிடம் படத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கி, நேரத்தைப் பார்த்தார்.

"இம்புட்டு நாளா இத வச்சுக்கிட்டா இருந்த?"

"ஒங்க வேல அங்கனதான அண்ணே..."

"வேலயத் தூக்கி ஒடப்புல போடு. கெளம்பு."

குழாயடியில் அந்த அம்மாவின் வழியை மறித்துச் சொல்வேன் மதினி. எந்த அதிகாரி, எந்த நீதிமன்றம் என்றாலும் சொல்வேன். அந்தக் கேட்டில் உங்கள் பெயரை அப்படிச் சொல்ல எவனுக்கும் வாய் வராமல் போகும் வரைக்கும் ஓயமாட்டேன்.

திங்கட்கிழமை விசாரணை அதிகாரியிடம் போனைக் கொடுத்தோம். வாக்குமூலத்தில் இருவரும் கையெழுத்திட்டோம். செவ்வாய்க்கிழமை அண்ணனைக் கம்பெனி கேட்டுக்குள் விடவில்லை.

உங்கள் நாத்தனா