டயோனின் விளிம்பில் ஒரு கோடு

ஜூன் 9, திங்கள்

விடாத மழை. பால் வரவில்லை, கட்டன்சாயாவோடு காலை கழிந்தது. தேங்காப்பட்டணத்திலிருந்து சைபுதீன் கூப்பிட்டார். இன்று நான் கேட்ட முதல் குரல் அது. மாலையாகிவிட்டது, இன்னும் வேறு குரல் கேட்கவில்லை.

சனிக்கோளைச் சுற்றிப் படமெடுத்த விண்கலத்தைப் பற்றி முன்பு ஞாயிறு மலரில் எழுதியிருந்தேன். படத்தை இடவலம் மாறிப் போட்டுவிட்டார்கள். அதைக் கவனித்துக் கூப்பிட்ட ஒரே வாசகர் சைபுதீன்தான். சவூதியில், தம்மாமில் போட்டோ ஸ்டுடியோவில் இருந்தவர். ஊர் திரும்பி, இப்போது வீட்டு மாடியில் ஒரு லேப்டாப்போடு இருக்கிறார். விண்கலம் அனுப்பிய படங்கள் லட்சக்கணக்கில் இணையத்தில் கிடக்கின்றன. யாரும் எடுக்கலாம். ஒரே நிலாவைச் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடி வழியாக எடுத்த மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களைப் பொருத்தி வண்ணமாக்குவார். முடிந்ததும் எனக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிடுவார். பார்த்துச் சொல்வது என் பங்கு.

அந்த விண்கலம் சனிக்குள் விழுந்து எரிந்து வருடங்களாகிவிட்டன. அங்கே இப்போது படமெடுக்க யாரும் இல்லை. நிலாக்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

ஜூன் 21, சனி

தாணம்மாள் கோவையிலிருந்து பேசினாள். "சாப்பிட்டியளா? மாத்திர போட்டாச்சா?" ஆச்சு, ஆச்சு. பேரனுக்குப் பல் விழுந்திருக்கிறது. எங்கள் மகளின் பிரசவத்துக்கென்று போனவள். பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். எப்போது வருவாய் என்று நான் கேட்பதை நிறுத்தியதை அவள் கவனித்தாளா, தெரியவில்லை.

ஜூலை 3, வியாழன்

"அண்ணாச்சி, நிக்கியளா, இருக்கியளா? மொதல்ல கசேரில இருங்கோ." சைபுதீன் குரலில் மூச்சு வாங்கியது.

நாற்காலியில் உட்கார்ந்தேன். படம் வந்தது. டயோன். சனியின் பனி நிலாக்களில் ஒன்று, இதுவரை சத்தமில்லாமல் கிடப்பது. அதன் இருண்ட விளிம்பிலிருந்து வெளியே, மெல்லிய வெள்ளைக் கோடு.

"சனி நிலாக்கள்ல என்சிலடஸ்தான் நீராவி பீச்சும்னு ஒலகமே சொல்லுது. இவளும் பீச்சுகா, கேட்டியளா! இத்தன நாளும் எவனும் பாக்கல்ல."

உண்மையானால் பெரிய செய்தி. "எழுதுங்கோ" என்றார். பார்க்கிறேன் என்றேன். "நீங்க பாத்துப் பாத்து எழுதுகதுக்குள்ள அவ பீச்சு முடிச்சிருவா!" என்று சிரித்தார். இவர் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

ஜூலை 10, வியாழன்

செய்தி எனக்கு முன்னால் ஓடிவிட்டது. மார்த்தாண்டத்தில் வாசகர் மன்றம் நடத்தும் ஷாஜன், வருகிற இருபதாம் தேதி சைபுதீனுக்குப் பாராட்டு விழா வைத்திருக்கிறான். ஜங்ஷனில் பிளெக்ஸ் கட்டியாயிற்றாம். பத்திரிகையின் மதுரை டெஸ்க்கிலிருந்தும் போன்: "போட்டோவோட அனுப்புங்க சார், முதல் பக்கம் தர்றேன்."

சைபுதீனின் மருமகன் சபீர், "மாமா மாடியில காலி வானத்துக்குக் காவல் இருக்காரு" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பவன். இப்போது கடைக்கு வருபவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டுகிறானாம். சம்பந்தி வீட்டார் வேன் பிடித்து விழாவுக்கு வருகிறார்கள். "சுமைரா நேத்து எனக்கு மீனு முள்ளெடுத்துத் தந்தா அண்ணாச்சி" என்றார் சைபுதீன். மகளைப் பற்றி அவர் பேசியதே அதுதான் முதல் தடவை.

ஜூலை 16, புதன்

எழுதுவதற்கு முன்னால் மூலப் படத்தை எடுத்துப் பார்த்தேன். பழைய பழக்கம். யார் போட்டோ தந்தாலும் வெட்டாத படத்தைக் கேட்பேன்.

சைபுதீன் அனுப்பியது வெட்டிய படம். அது ஏமாற்று இல்லை. கல்யாணப் படங்களில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பெரிதாக்கி, பின்னால் நிற்கும் கூட்டத்தைக் கத்தரித்தே வாழ்ந்த கை. டயோனைப் பெரிதாக்கி, சுற்றியிருந்த வானத்தைக் கத்தரித்திருக்கிறது.

வெட்டிய அந்த வானத்தில் வேறு கோடுகளும் இருக்கின்றன. மங்கல்தான், வெளிச்சத்தைக் கூட்டினால் தெரிகின்றன. எல்லாம் ஒரே நீளம், ஒரே சாய்வு. நட்சத்திரங்கள். டயோன் நகர நகரக் கேமராவும் கண்ணைத் திறந்தபடி அதைப் பின்தொடர்ந்திருக்கிறது. நிலா தெளிவாக விழ, நட்சத்திரங்கள் இழுபட்டுக் கோடாகிவிட்டன. அதில் ஒன்று டயோனுக்குப் பின்னால் மறையும் நேரம் – விளிம்பைத் தொட்டுவிட்டது. அவ்வளவுதான்.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். தப்பு என் பக்கம் இருந்துவிடக்கூடாதா?

ஜூலை 17, வியாழன்

சொன்னேன். முழுப் படத்தைத் திறக்கச் சொல்லி, கோடுகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு:

"நீங்க எழுதாண்டாம். வாயத் தொறக்காம இருந்தா போரும். மார்த்தாண்டத்துல எவன் போய் மூலப் படத்தப் பாக்கப் போறான்?"

"எவனும் பாக்க மாட்டான்."

"பின்ன என்னத்துக்கு என்ட்ட சொன்னியோ?"

"யார்ட்டயும் சொல்ல மாட்டேன் சைபு. படம் ஒமக்கு உள்ளது. நீரே முடிவு பண்ணும்" என்றேன்.

"ஒமக்கென்னவேய்! ஒமக்கு வீட்டுல சிரிக்க ஆளில்ல" என்று வைத்துவிட்டார்.

என்னை அவர் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார், வேய் என்று இதுவரை கூப்பிட்டதேயில்லை. சொன்னதும் பொய்யில்லை.

மதுரைக்கு இவ்வளவு மட்டும் சொல்லிவிட்டேன்: செய்தி இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

நான் விழாவுக்குப் போகவில்லை. மத்தியானம் ஷாஜன் கூப்பிட்டுக் கத்தினான். "ஆளு வரல்ல அண்ணாச்சி! போனும் ஆப். மைக் செட்டுக்காரன் பாட்டு போட்டுப் போட்டு வெறுத்துட்டான். சம்பந்தி வீட்டுக்காரங்க மொத வரிசையில இருந்து மூஞ்சி மூஞ்சியா பாக்கா. அந்தச் சபீர் எழும்பி வெளிய போனவன் வரவேயில்ல. என்னவாக்கும் விசயம்? ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். முப்பது வருடம் நிருபராக மற்றவர்களிடமிருந்து கேட்டு எழுதிய சொல். இன்று என் வாயிலிருந்து.

மேடை ஏறி அந்தப் படத்தைக் காட்டியிருக்கலாம் அவர். கைதட்டியிருப்பார்கள்.

ஜூலை 29, செவ்வாய்

சைபுதீனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பஸ் பிடித்துத் தேங்காப்பட்டணம் போனேன். சுமைரா கதவைத் திறந்தாள். மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"வாப்பாக்கு ஒங்கள பாக்கண்டாமாம். சாயா குடிச்சிட்டுப் போங்கோ மாமா."

உட்கார்ந்து குடித்தேன். எதிரில் நின்றுகொண்டே கேட்டாள்: "அந்தப் படத்துல ஒண்ணும் இல்லைன்னு நீங்கதான் சொன்னியளா?"

"ஆமா மக்கா."

"எங்க மாப்பிள்ள இன்னும் அதயே சொல்லிச் சிரிக்காரு. வாப்பா திருப்பி ஒண்ணும் சொல்ல மாட்டேங்காரு." தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பும்போது ஜன்னலோர இடம் கிடைத்தது. வெளியே என்ன பார்த்தேன் என்று இப்போது நினைவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கு நஷ்டம்? டயோனுக்கா?

செப்டம்பர் 6, சனி

தாணம்மாள். சாப்பிட்டேன். போட்டேன்.

"இப்ப அந்தச் சாயிபு கூப்பிடுகாரா?" என்றாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இருந்தாள்.

செப்டம்பர் 18, வியாழன்

காலையில் கரன்ட் பில் கட்டக் கிளம்பினேன். செருப்புக்குள் ஒரு கால் நுழைத்திருந்தபோது போன்.

"அண்ணாச்சி, ரியா படம் ஒண்ணு அனுப்பிருக்கேன்."

டயோனைவிடப் பெரிய நிலா ரியா. குரலில் கோபமும் இல்லை, பழைய சிரிப்பும் இல்லை.

"என்ன இருக்கு சைபு?"

"ஒண்ணும் இல்ல. நான் நல்லா பாத்தாச்சு. சும்மா பாருங்கோ."

உட்கார்ந்து திறந்தேன். பள்ளங்கள். பள்ளத்துக்குள் பள்ளங்கள். அதற்கு அப்பால் இருட்டு. உண்மையிலேயே ஒன்றும் இல்லை. சொன்னேன். "பின்ன?" என்றார்.

அதன் பிறகு இருவரும் அதிகம் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை. அவருடைய மாடியில் மின்விசிறி சுற்றுவது கேட்டுக்கொண்டிருந்தது. பில் நாளைக்குக் கட்டலாம்.