ஐந்து நட்சத்திரப் பெட்டி

ஏப்ரல் 6, திங்கள்
பனிமூட்டம். மிளகு காயவில்லை. முதியோர் வகுப்பில் சேர்ந்து ஐந்து மாதம். இதை நானே எழுதினேன்! அரை மணி நேரம் ஆனது.

ஓசூரிலிருந்து மகள் செல்வி போன். பேத்தி கயலுக்குச் சர்க்கரை நோய். ஊசி மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். இங்கே பிரிட்ஜ் இல்லை. வந்தால் அன்றே திரும்பிவிடுவார்கள். இரண்டு வருடமாக இப்படித்தான்.

மாப்பிள்ளை வாங்கிப் பேசினார். "அஞ்சு ஸ்டார் பிரிட்ஜுக்கு வருமான வரியில சலுகை உண்டுன்னு ஆபீசுல பேசிக்கிறாங்க மாமா. இருந்தா என் பேர்ல வாங்கித் தர்றனுங்க."

ஏப்ரல் 8, புதன்
தலைச்சோலையிலிருந்து ஜீப்பில் ஏற்காடு. பிரிட்ஜ் கடையில் கேட்டேன்.

"ஏனுங்க, இதுக்கு வரி குறையுமுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க பெரியவரே. ஸ்டாரு கூட இருந்தா கரண்டு கம்மியா இழுக்கும். அதுதானுங்க லாபம்."

ஸ்டிக்கரில் இங்கிலீஷ். நட்சத்திரத்தை விரல் வைத்து எண்ணினேன். ஐந்து. கடைக்கு வந்திருந்த ஓர் அம்மா சிரித்தார். "தாத்தா வானத்துல எண்ற மாதிரி எண்றாருங்க." நானும் சிரித்தேன்.

மாலை மாப்பிள்ளையிடம் சொன்னேன். "அப்ப அடுத்த வருசம் பாக்கலாங்க மாமா."

இரவு மிளகை அளந்து பார்த்தேன்.

ஏப்ரல் 11, சனி
வெயில். மிளகு முழுவதையும் விற்றுவிட்டேன். பிரிட்ஜ் பெட்டி வந்துவிட்டது! ஜீப்பில் நிற்கவைத்து, வழி முழுக்கக் கட்டிப் பிடித்தபடி. டிரைவர்: "புதுப் பொண்ண ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறாப்பல இருக்குதுங்க."

மேல்தட்டில் தாள் எழுதி ஒட்டினேன். கயல் மருந்து.

செல்விக்குப் போன் போட்டேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். "இடி இடிச்சா எல்லாச் சுவிட்சையும் அணைச்சுருவீங்களேப்பா. மருந்து கெட்டுப் போச்சுன்னா?"

உண்மைதான். மலையில் எல்லோரும் அணைப்போம். பக்கத்து வீட்டு டிவி போன மழையில் கருகியது.

"இனி இத மட்டும் அணைக்க மாட்டேன் கண்ணு."

"பாக்கலாங்கப்பா."

ஏப்ரல் 12, ஞாயிறு
சுவிட்சுக்கு மேல் பெரிதாக எழுதி ஒட்டினேன். அணைக்காதே.

உள்ளே: தக்காளி நாலு, மோர், பாதித் தேங்காய். பெட்டி முனகுகிறது. வீட்டில் இன்னொரு சத்தம். நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 14, செவ்வாய்
சித்திரை ஒன்று. யாரும் வரவில்லை. பாயசம் வைத்தேன். ஒரு டம்ளர் குடித்தேன். மிச்சம் பெட்டியில்.

மூன்று மணிக்கு இடி. டிவி, விளக்கு எல்லாம் அணைத்தேன். கை அந்தச் சுவிட்சுக்கும் போனது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். கையை இறக்கிக்கொண்டேன்.

செல்விக்குப் போன் போட்டு, பெட்டியின் பக்கத்தில் பிடித்தேன். வெளியே மறுபடி இடி. பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டும் கேக்குதா கண்ணு?"

"கேக்குதுங்கப்பா." அப்புறமும் அவள் போனை வைக்கவில்லை.