மிச்ச நெல் பச்சையாகவே கிடந்தது

அன்புள்ள அம்மாவுக்கு, முதலில் ஒரு கெஞ்சல், இதை யாருக்கும் காட்ட வேண்டாம், அப்பாவிடம் போனில் பேசும்போதும் வாய் தவறிவிடக் கூடாது. உன்னிச்சையில் நாங்கள் சுகம், குவைத்தில் நீங்களும் காய்ச்சல் தலையிடி இல்லாமல் இருக்க மாமாங்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். போன் அப்பாவின் சட்டைப் பையிலேயே கிடக்கிறது, அதனால் நாளை அங்கே வேலைக்கு வரும் ஏறாவூர் ஸஹீதா ராத்தாவிடம் இதைக் கொடுத்துவிடப் போகிறேன்.

தன்னாமுனையில் இடியப்ப மா மில் ஒன்று திறந்திருக்கிறார்கள், நம் வயலின் சிவப்பு நெல்லை அவர்களே எடுப்பதாகப் பேச்சு. அப்பாவுக்கு அது பெரிய மரியாதை. வியாபாரிக்கென்றால் பச்சை நெல்லை அள்ளிக் கொடுக்கலாம், வீடு தேடி வந்து கேட்டவர்களுக்கு அப்படிக் கொடுப்பதா என்று, நாம் சோற்றுக்கு அவிப்பதுபோல முதல் லோட்டைப் பீப்பாயில் அவித்துக் காயவைத்துக் கொண்டுபோய் இறக்கினார். மில்லைப் பார்க்கும் மேனுகா அக்கா ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்துவிட்டு, "மாமா, இது சோத்துக்குத்தான் ஆகும். மாவுக்குப் பச்சையெல்லோ வேணும்" என்றாராம். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. அம்மா இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருக்கட்டும் என்று பிரதீஸ் மாமாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

ஆனால் மாமாவின் சோம்பலை இனி யாரும் ஏச முடியாது. மிச்சத்தையும் அவிக்கவென்று அப்பா முன்பே விறகு கொத்தச் சொல்லியும் கொத்தாமல் படுத்திருந்தார், அதனால் மிச்ச நெல்லெல்லாம் அவிக்காமல் பச்சையாகவே கிடந்தது. இன்று மேனுகா அக்காவே லொறியோடு வந்து அத்தனையையும் ஏற்றிக்கொண்டு, அடுத்த போகத்தையும் தங்களுக்கே தரச் சொல்லிவிட்டுப் போனார். "நான் படுத்ததாலதான் குடும்பம் தப்பினது" என்று மாமா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அப்பா இன்று இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார், அதுவும் அந்த அவித்த நெல்லின் சோறுதான்.

மில்லில் மா வறுக்கப் பெண்கள் தேவையாம். உங்கள் கைப்பக்குவத்தைச் சொன்னேன், அம்மா வந்தால் கூட்டிக்கொண்டு வா என்றார் அக்கா. அப்பா இன்னொரு போகம் பார்த்துவிட்டுத்தான் இதை உங்களுக்குச் சொல்வாராம், நம்பி வந்து நீங்கள் ஏமாந்தால் அவரால் தாங்க முடியாதாம். ஆனால் நீங்கள் வேலை செய்யும் வீட்டு மெடம் வெள்ளிக்கிழமை இன்னும் இரண்டு வருடத்துக்குப் புது ஒப்பந்தத்தை நீட்டுவாவே அம்மா, அதற்குப் பிறகு தெரிந்து என்ன செய்ய? வெறும் வயிற்றோடு வேலைக்கு இறங்காதீர்கள், இரவில் தலை நனைக்காதீர்கள், கடவுள் உங்களை

கதவு தட்டுகிறது. அப்பாதான், லைட்டைக் கண்டுவிட்டார். அம்மா, அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீ