மாரடைப்பு என்று எழுதாதவருக்கு

இன்று காலை முகம் துடைத்த வெள்ளைத் துவாயில் செம்மஞ்சளாய் ஒரு கறை. நான் விழுங்கும் மாத்திரை வியர்வை, கண்ணீர் எல்லாவற்றுக்கும் அந்த நிறத்தைப் பூசிவிடுகிறது. ஆமாம் டொக்டர், எனக்குக் கசம். நீங்கள் இருந்திருந்தால் காசநோய் என்று கேட்டதும், "எந்தப் பக்க நுரையீரல்?" என்றுதான் முதலில் விசாரித்திருப்பீர்கள். இடது பக்கம், மேல் பகுதி. பிறந்த ஊரில் தொற்றியதா, நாம் வேலை செய்த ஆய்வுகூடத்தில் தொற்றியதா, யாருக்கும் தெரியாது.

நீங்கள் போய் ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது. எங்கள் ஆட்கள் நோயை மறைக்க வீட்டுக்கு வீடு பொய்யாகச் சொல்லும் மாரடைப்பு உங்களுக்கு உண்மையாகவே வந்தது. இங்கே மொன்றியலில், அஹுன்ட்சிக்கில் பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே விழுந்தீர்களாம். கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை கிருமிகளோடு மல்லுக்கட்டிய மனிதர் இப்படியா சொல்லாமல் கொள்ளாமல் போவது?

ஜெர்மனியில் நீங்கள் படித்து முடித்தபோது, தொற்றுநோய்களின் கதை முடிந்தது, புற்றுநோய்ப் பக்கம் போ என்று உங்கள் பேராசிரியர் சொன்னாராம். நீங்கள் ஆப்பிரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போனீர்கள். அங்கே கத்தி வழுக்கி விரலை வெட்டியது. இறந்தவரின் காசநோய் அந்தக் காயத்தில் மருவாய்த் தடித்தது. பல வருடம் கழித்து மொன்றியலில், மதியச் சாப்பாட்டு மேசையில், அந்த வடுவை எல்லாருக்கும் நீட்டிக் காட்டுவீர்கள். யாராவது முகம் சுளித்தால், "வெட்கப்பட வேண்டியது கிருமி. நான் ஏன்?" என்பீர்கள். "விரலை மடக்குங்கள், நான் புட்டுச் சாப்பிடுகிறேன்" என்று ஒருநாள் அதட்டினேன். அன்றிலிருந்து என் புட்டிலும் பங்கு கேட்கத் தொடங்கினீர்கள்.

திசுவை மெழுகில் பதித்துச் சீவிச் சாயமேற்றுவது என் வேலை. அதை நுண்ணோக்கியில் பார்த்து, மனிதர் எதனால் செத்தார் என்று எழுதுவது உங்கள் வேலை. எழுதியதை ஒருவருக்காகவும் நீங்கள் மாற்றி நான் கண்டதில்லை.

வில்லரேயில் இருந்த அந்தத் தமிழ்க் குடும்பத்துக்காகவும் மாற்றவில்லை. தகப்பன் வீட்டில் திடீரென்று இறந்திருந்தார். உடல் பிரேத பரிசோதனைக்கு உங்களிடம் வந்தது. நான் சாயமேற்றிய கண்ணாடித் தகட்டில் நீலத்துக்கு நடுவே சிவப்புச் சிவப்பாய்க் கோடுகள் போலக் கிருமிகள். கசம்தான். மாதக்கணக்கில் இருமியவரை, பெண்பிள்ளைகளின் கலியாணம் கெட்டுவிடும் என்று பயந்து, ஆஸ்பத்திரிப் பக்கமே விடாமல் வைத்திருந்திருக்கிறார்கள். இறந்தவரின் மனைவியிடம் பேச என்னையும் கூட்டிப்போனீர்கள். அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, மாரடைப்பு எண்டு எழுதச் சொல்லுங்கோ. நீங்களும் எங்கட ஆள்தானே. எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள்."

நான் பிரெஞ்சில் அப்படியே சொன்னேன். நீங்கள் அவரைப் பார்த்துப் பதில் சொன்னீர்கள்: "பிள்ளைகள் இருப்பதால்தான் அப்படி எழுத மாட்டேன்."

அவர் உங்களைச் சபித்தார். அதையும் மொழிபெயர் என்றீர்கள், மொழிபெயர்த்தேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, பிள்ளைகளைச் சோதிக்க நாள் குறித்த பிறகுதான் எழும்பினீர்கள். சின்னவளின் நெஞ்சில் நோய் இருந்தது. மருந்து கொடுத்தார்கள், பிழைத்தாள். இப்போதும் மெட்ரோவில் கண்டால் ஓடிவந்து கதைப்பாள். தாய் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இப்போது என் முறை. பியர்பொன்ட்ஸில் இருக்கும் என் அக்காவின் மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கிறது. எனக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அக்காவுக்கு நித்திரை இல்லை.

"நிமோனியா எண்டு சொல்லு," என்றாள். "இது குழம்பினா நான் உயிரோட இருக்கமாட்டன்."

"இப்ப தொத்தாது அக்கா. டொக்டர்மாரே சொல்லிப்போட்டினம்."

"அதை ஆர் கேட்டது? நீ வாயை மூடிக்கொண்டிரு."

கலியாணம் அக்கா மகளுடையது என்பதால், சொல்லலாமா என்று அந்தப் பெறாமகளிடமே தனியாகக் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "சொல்லுங்கோ சின்னம்மா. அதுக்குப் பயந்து ஓடுறவன் எனக்கு வேண்டாம்."

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஏன் இப்பிடி மெலிஞ்சு போனியள்?" என்று கேட்டார். அக்கா பலகாரத் தட்டோடு பாய்ந்து வந்தாள். "அவ இப்ப டயட்டில."

"டயட் இல்லை," என்றேன். "எனக்குக் கசம். மருந்து எடுக்கிறன். இனி ஒருத்தருக்கும் தொத்தாது."

அந்தத் தட்டிலிருந்து ஒருவரும் ஒன்றும் எடுக்கவில்லை. நான் எழும்பிப் போகவில்லை. தேத்தண்ணி வந்தது, குடித்தேன். நோய் வந்தவள் திருடியா, ஒளிந்து திரிய?

கோப்பையைக் கழுவக் குசினிக்குள் போனபோது மாப்பிள்ளையின் தாய் பின்னால் வந்து கதவைச் சாத்தினார். கலியாணம் முறிந்தது என்றுதான் நினைத்தேன்.

"எங்கட மூத்தவனுக்குக் கனநாளா இருமல்," என்றார். மாப்பிள்ளையின் அண்ணனைச் சொல்கிறார். "இரவில வேர்த்துக் கொட்டுது. வெளியில ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீங்கள் எங்க போய்க் காட்டினியள்?"

"நான் கூட்டிக்கொண்டு போறன்."

"சனம் அறிஞ்சா?"

"அறியட்டும். பிள்ளை இருக்கவேணும், அதுதான் முக்கியம்."

அவர் அழுதார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். உங்களுக்கு இந்தக் கட்டிப்பிடிக்கும் வேலை கடைசிவரை வரவில்லை.

அக்கா இன்னமும் என்னோடு கதைப்பதில்லை. எப்போது மனம் வருகிறதோ அப்போது கதைக்கட்டும். உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது இந்தப் பிடிவாதம்தான். இதற்கு மருந்து எடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை. நாளை காலை அந்தப் பெடியனோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். தாயும் கூட வருகிறார்.